காலிப் புள்ளிகள்

இருபத்திரண்டு வருடங்களாகத் தொழில்முறை பாதுக் ஆட்டக்காரியாக இருக்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கற்களை வைத்து இடம் வளைப்பதே என் பிழைப்பு. தொழில்முறைத் தகுதியின் ஒன்பது நிலைகளில் ஐந்தாவதுவரை ஏறியிருக்கிறேன். ஆனாலும் எந்தப் பெரிய போட்டியிலும் பிரதான சுற்றை எட்டியதில்லை. சியோலில் அந்தச் செவ்வாய்க்கிழமை, தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் நாற்பத்தோரு வயதில் முதல்முறையாக உள்ளே போவேன். எதிரே தாக் சின்-ஊ, இருபத்துமூன்று வயது.

ஆட்டத்துக்குமுன் நடைபாதையில் ஓ கியூ-தே எதிர்ப்பட்டார். என்னோடு சேர்ந்து தொழிலுக்கு வந்தவர்.

"ஹியே-ரிம், நாங்க குளிர் நூடுல்ஸ் சாப்பிடப் போறோம். ஒரு மணிக்குள்ள தோத்துட்டு வந்துரு, சேர்ந்தே போயிரலாம்."

"நீங்க போன வாரமே தோத்தாச்சு. பசி எடுக்கத்தான் செய்யும்."

இரண்டரை மணிக்கு சின்-ஊ ஒன்றரைப் புள்ளி முன்னால் இருந்தார். இருவருக்குமே அது தெரியும். இந்த நிலையில் பலகையில் இரண்டு கல்லை வைத்துத் தலை குனிந்து தோல்வியை ஒப்புக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். நான் அதை எப்போதும் சீக்கிரமே செய்துவிடுவேன். ஹியே-ரிம் தோற்பதே ஓர் அழகு என்பார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. பிடிவாதக்காரி என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் எத்தனை ஆட்டங்களைக் கைவிட்டேனோ.

அன்று கை நகரவில்லை.

எல்லைகளுக்கு நடுவே யாருக்கும் பயன்படாத காலிப் புள்ளிகள் மட்டுமே மீதி. அவற்றை யாரும் யோசித்து நிரப்புவதில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பேசிக்கொண்டே ஆளுக்கொன்றாகப் போடுவார்கள். நான் ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன்.

"இன்னுமா, சபொம்நிம்?" என்றார் சின்-ஊ. எங்கள் வட்டத்தில் சக ஆட்டக்காரரை அப்படித்தான் மரியாதையாக அழைப்போம்.

"உங்க முறை."

காலிப் புள்ளிகள் நிரம்ப நிரம்ப, மூலையில் அவருடைய ஐந்து கற்களுக்கு மூச்சுவிடும் இடம் குறைந்துகொண்டே வந்தது. சுற்றிலும் காலியிடம் முழுதும் அடைபட்ட கற்களை எதிராளி எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் அவர் தன் இடத்துக்குள்ளேயே ஒரு கல்லை வைத்து, ஒரு புள்ளியை இழந்து, அவற்றைக் காப்பாற்றியாக வேண்டும். அப்படி வைத்தாலும் அரைப் புள்ளியில் அவர்தான் ஜெயிப்பார். அது எனக்குத் தெரியும். அவர் பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேல்கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டதும் தெரியும்.

மூலையில் கல்லை வைத்து அழுத்தினேன். அவர் எதிர்க்கோடியில் இருந்த காலிப் புள்ளியை நிரப்பினார்.

மூலையில் மிச்சமிருந்த ஒரே காலியிடத்தில் என் கல்லை வைத்து, ஐந்து கற்களையும் ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து எடுத்தேன்.

"ஆட்டம்தான் முடிஞ்சிருச்சே, சபொம்நிம்."

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும். இது சும்மா நிரப்புறது."

நடுவர் வந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "முடிஞ்சுதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்களா?"

"நான் ஒத்துக்கல," என்றேன்.

நடுவர் என் பக்கம் குனிந்தார். "விதி உங்க பக்கம்தான். ஆனா நீங்களா விரும்பி விட்டுக்கொடுத்தா…"

அவர் முடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அழகாகத் தோற்பவளுக்காக அறையே காத்திருந்தது. அவளும் எனக்குள் எழுந்து, புன்னகையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். இத்தனை வருடங்களாக அவளைத்தான் நற்குணம் என்று நம்பியிருந்தேன். வெறும் பயம்.

"விரும்பல," என்றேன்.

சின்-ஊவின் காதுகள் சிவந்தன. கொஞ்ச நேரம் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டு கற்களைப் பலகையில் வைத்துத் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். பாவமாக இருந்தது. அதற்காக எதையும் திருப்பித் தரத் தோன்றவில்லை.

வாசலில் கியூ-தே நின்றிருந்தார்.

"சின்னப் பையன்கிட்ட இப்படியா ஜெயிக்கணும்?"

"இப்படித்தான் ஜெயிச்சேன். வழி விடுங்க."

அறிவிப்புப் பலகையில் அலுவலகப் பெண் என் பெயரை எழுதும்வரை பக்கத்திலேயே நின்றேன். பெயருக்கு அருகில் நான்காம் நிலை என்று எழுதினாள்.

"ஐந்து," என்றேன். "அழிச்சு எழுதும்மா."