மஞ்சள் வைத்த கவர்

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகை ஊர்க் கொட்டகையில் பெண்கள் பழைய கவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உலகச் சண்டை வந்ததிலிருந்து காகிதத்துக்குப் பஞ்சம். சர்க்கார் கச்சேரிகளில் கழித்துப் போட்ட கவர்களும் பார்சல் பெட்டிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஈரத்துணி போட்டு ஒட்டிய இடத்தை ஊறவைத்து, கிழியாமல் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி மடித்து, மைதாப் பசை தடவினால் மறுபடியும் கவர். ஆவடி பட்டாள முகாமிலிருந்து லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும். கூலியைவிட வாரா வாரம் சீட்டுக்குக் கிடைக்கிற அரிசிதான் பெரிது. ஆவடிப் பக்கம் காசு கொடுத்தாலும் அப்போது அரிசி கிடைக்கவில்லை.

சாமுண்டீஸ்வரிக்கு அந்த அரிசியை விட்டால் வேறு கதி இல்லை. புருஷன் இருமலில் படுத்த படுக்கை. இரண்டு பெண் குழந்தைகள். அவள் கைவேலை நறுவிசு. கவர் மூளியாகப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிற கடுதாசி அல்லவா? வீட்டிலிருந்து மஞ்சள் குழைத்து வந்து, ஒட்டிய கவர் ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் விரல் நுனியால் தீற்றினாள். மேஸ்திரி பரந்தாமன் பார்த்தான். அவன் கைக்காசு போகவில்லை, விட்டுவிட்டான்.

ஒருநாள் உச்சிவேளையில் வெள்ளானூரிலிருந்து துலுக்கானம் என்ற குடியானவர் வந்தார். துண்டில் சுற்றியிருந்த கவரை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார். பட்டாளத்துக்குப் போன மகனைப் பற்றி ஆவடி முகாமிலிருந்து வந்த கடுதாசி அது. முந்தின நாள் தபால்காரர் கொடுத்தபோது வீட்டில் அவர் மனைவி மட்டும்தான் இருந்தாள். எழுத்தறியாதவள். மஞ்சளைப் பார்த்ததும் கவரைச் சாமி முன்னால் வைத்து விளக்கேற்றி, தெருவுக்கெல்லாம் வெல்லம் கொடுத்துவிட்டாள். பொழுது சாய்ந்து வாத்தியார் வந்து பிரித்துப் படித்தார். மகன் பர்மா எல்லையில் செத்துப்போனதாக எழுதியிருந்தது.

"சாவு சேதிக்கு யாராச்சும் மஞ்சள் வெப்பாங்களா?" என்றார் துலுக்கானம். "எழுதினவன் தப்பா எழுதிக்கீறான். மஞ்சள் வெச்சவங்களுக்குத் தெரியும், எம்புள்ள உசுரோட கீறான்னு. இந்தக் கவரு இங்கதான் செய்யறாங்கன்னு தபால்காரர் சொன்னாரு. வெச்சது யாருன்னு மட்டும் சொல்லு மேஸ்திரி. ஒரு வார்த்தை கேட்டுகினு பூட்றேன்."

முகாம் துரையின் காதுக்குப் போனால் தன் தலைக்கு வந்துவிடுமோ என்று பரந்தாமனுக்குப் பயம். இங்கே யாரும் மஞ்சள் வைப்பதில்லை, வழியில் எங்காவது ஒட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டான். சாமுண்டீஸ்வரி குனிந்தபடியே பசை தடவினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அரிசிச் சீட்டு போகாது.

"அப்ப ஆவடிக்கே போயி கேக்கறேன்," என்றார் பெரியவர். "நாங்க இன்னும் அழுவல. ஊட்ல வெளக்கு எரிஞ்சிகினுதான் கீது."

அவர் திரும்பி நடந்தார். சாமுண்டீஸ்வரி பசைக் கையோடு எழுந்துவிட்டாள்.

"நைனா, நான்தான் வெச்சேன். வெறும் கவருல வெச்சேன். உள்ள இன்னா எழுதப் போறாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் அவளருகே அடுக்கியிருந்த கவர்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தன் கையிலிருந்ததோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

"எல்லாத்துக்குமா?" என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பக்கத்து வரிசைப் பெண்ணொருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்விட்டார்.

பரந்தாமன் முதலில் அவளுடைய அரிசிச் சீட்டை வாங்கிக்கொண்டான். மஞ்சள் பட்ட மூலைகளையெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாட்சாயிணி பயந்துகொண்டே சொன்னாள்: "மூலை அறுந்தா சாவுக் கடுதாசின்னு ஊட்டுக்குள்ளயே சேக்க மாட்டாங்க அண்ணாத்தே. நல்ல சேதியும் இதுலதானே போவும்?"

"தொரைக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? வெட்டு," என்றான் அவன்.

சாமுண்டீஸ்வரி வெட்டினாள். மஞ்சள் துணுக்குகள் மடியிலும் காலடியிலும் விழுந்தன. அடுக்கு பாதிகூடக் குறையவில்லை; அதற்குள் லாரி வந்து ஹாரன் அடித்தது. இவள் வேகம் போதாது என்று மேஸ்திரி வாசலுக்குப் போனான். வேலை கேட்டு நின்றிருந்தவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டான். இடுப்பில் பிள்ளையோடு அவள் ஓடி வந்தாள். பிள்ளையைத் துணுக்குகளின் மேல் இறக்கிவிட்டு, சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி, அவள் விட்ட மூலையிலிருந்து வெட்டத் தொடங்கினாள்.