பின் காணிக்கு ஒரு கோடு

இரண்டு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம் ஒரு கோடு. அதை அழித்தவளும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில், தோட்டங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் சின்ன நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். கணினியில், வானிலிருந்து எடுத்த காணியின் படத்தை விரித்து, எல்லையைக் கீறி, எந்தப் பாத்திக்கு எந்தக் குழாய் என்று வகுத்துக் கொடுப்பது என் பாடு. அச்சுவேலிக் கனகலிங்கம் அண்ணையின் வெங்காயத் தோட்டம் நான் தனியாகச் செய்த முதல் வேலை. படத்தில் கிணற்றடியிலிருந்து பின்வேலி வரை மங்கலாக ஒரு கோடு ஓடியது. கேட்டேன். பழைய வாய்க்கால், இப்போது பாவிப்பதில்லை என்றார். அழித்துவிட்டு அதன் மேலே குழாய்களைக் கீறினேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது.

கிணற்றில் எத்தனை பேருக்குப் பங்கு என்று மட்டும் கேட்கவில்லை. மென்பொருளில் கிணற்றின் ஆழத்துக்குக் கட்டம் உண்டு, மோட்டாரின் வலுவுக்கு உண்டு, பங்குக்கு இல்லை. அதைச் செய்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது, சரி. எனக்கு என்ன கேடு? கரவெட்டியில் எங்கள் கிணற்றுக்கே நாலு பங்கு. இறைப்பு முறைக்குச் சண்டை பிடித்து வளர்ந்தவள் நான்.

திட்டத்தில் அண்ணை ஒப்பம் வைத்த பிறகுதான் படத்தை மறுபடி பார்த்தேன். வேலிக்கு அப்பால் பின் காணி பச்சையாக இருந்தது. அது ஆடி மாதத்துப் படம். தண்ணீர் போகாத காணி மழையில்லாத ஆடியில் எப்படிப் பச்சையாக இருக்கும்?

இன்று, குழாய் புதைக்கக் கான் வெட்டுகிற நாள். விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே பின் காணிக்குப் போனேன். குணலட்சுமி என்றொரு அக்கா வெங்காயத்துக்குள் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கிணற்றில் பாதிப் பங்கு அவருடையது. நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தார்.

"வாய்க்காலை மூடினாலும் எனக்கும் ஒரு குழாய் வருமெண்டு அண்ணை சொன்னவர். நீங்கள்தானே பிள்ளை கீறினது? காட்டுங்கோ பாப்பம்."

கைத்தொலைபேசியில் காட்டினேன். குனிந்து வெகுநேரம் தேடினார்.

"என்ரை காணி எங்கை பிள்ளை?"

நான் கீறிய திட்டத்தில் எல்லைக்கு வெளியே எல்லாம் வெறும் வெள்ளை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனுசன் பொய்யை என் தலையில் கட்டியிருக்கிறார், நானும் அதற்கு வாகாகத் தலையைக் கொடுத்திருக்கிறேன்.

வரம்பிலேயே குந்தியிருந்து, கிணற்றிலிருந்து அவர் காணிக்கு ஒரு குழாய் கீறினேன். எல்லை தாண்டுகிறது என்று மென்பொருள் சிவப்பில் எச்சரித்தது. தாண்டட்டும் என்று அழுத்தி, வேலையாட்களின் தலைவன் பிரகாஸுக்கு அனுப்பினேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

பின்னுக்குப் புதுசாக ஒரு கோடு வந்திருக்கிறதே என்று பிரகாஸ் எல்லாருக்கும் கேட்கக் கேட்டான். கனகலிங்கம் அண்ணை என்னை முறைத்தார்.

"நீங்கள் அக்காவுக்குச் சொன்ன குழாயைக் கீற மறந்துபோனன் அண்ணை," என்றேன். "இப்ப கீறிப்போட்டன்."

அக்கா அவரையே பார்த்தபடி நின்றார். மண்வெட்டியோடு நின்ற நாலு பேரும் பார்த்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால், அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"முதல் அந்தப் பின்காணிக் கானை வெட்டு," என்றார் பிரகாஸிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு உங்கடை கந்தோருக்கு வாறன்," என்றார்.

அலுவலகத்தில் என்னைப் பற்றி முறையிடத்தான். வரட்டும். அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலையாட்களுக்கு முன்னால் தன் காணியை நோக்கி நடந்தார்.