விட்டுக்கொடுத்த கொப்பரை

"இது ஏற்கெனவே ஒருத்தர் பேர்ல இருக்கு, நடீன்," என்றான் வெண்டல்.

"யார் பேர்ல இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அதை என் பேருக்கு மாத்த என்ன வழின்னு கேக்கத்தான் வந்திருக்கேன்."

கட்டியக்காரர்களின் கூடாரத்தில் அன்று காலையிலிருந்தே கூட்டம். பென்சில்வேனியாவின் அந்தப் பண்ணை நிலத்தில் ஆகஸ்ட் மாதம் இரண்டு வாரம், பழங்கால ஐரோப்பாவை நடித்து வாழும் கழகம் ஒன்றின் முகாம் நடக்கும்போது லாரி ஓட்டுகிறவர்களும் கணக்கு வாத்தியார்களும் கவசம் மாட்டிக்கொண்டு பிரபுக்களாகிவிடுவார்கள். பிரபு என்றால் பழங்காலத்துப் பெயர் ஒன்று வேண்டும், கேடயத்தில் தீட்ட ஒரு சின்னம் வேண்டும். இரண்டும் கழகத்தில் வேறு யாருக்கும் இல்லாததாக இருக்கவேண்டும். அதைச் சரிபார்த்துப் பதிந்து கொடுப்பதுதான் கட்டியக்காரர்களின் வேலை. கடைசி முடிவு அவர்களுடைய சபையுடையது. வெண்டல் அதில் பழம் தின்று கொட்டை போட்டவன். மற்ற நாட்களில் தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுகிறவனுக்கு, இங்கே தொப்பியில் இறகு.

நடீன் கொண்டுவந்த படத்தை அவன் மறுபடி பார்த்தான். மஞ்சள் தளத்தில் மூன்று கால் வைத்த கறுப்புக் கொப்பரை. அடியில் சிவப்பு நெருப்பு.

"ரெண்டு வித்தியாசமாவது இருந்தாத்தான் சபை ஒத்துக்கும். மஞ்சளை வெள்ளையாக்கு. நெருப்ப எடுத்துட்டு ஒரு கரண்டியப் போடு. அழகா இருக்கும்."

"கரண்டி எனக்கு எதுக்கு? இது நான் வரைஞ்சது. என் சமையல் மேசைல உக்காந்து வரைஞ்சது."

"வரைஞ்சது யாருன்னு சபை கேக்காதும்மா. பதிஞ்சது யாருன்னுதான் கேக்கும்."

பதிந்தது கர்ட்டிஸ், அவளுடைய முன்னாள் கணவன். அதற்குக் காரணம் நடீனின் வீம்பு என்றுதான் முகாமில் இன்றைக்கும் சொல்வார்கள். சேர்ந்த புதிதில் அவள் தனக்குப் 'பனிமூட்டத்துச் செரஃபீனா' என்று பெயர் கேட்டிருந்தாள். பனிமூட்டம் என்று ஓர் ஊர் இருந்ததற்கும், அங்கே எந்தச் செரஃபீனாவும் பிறந்ததற்கும் சான்று இல்லை என்று சபை திருப்பி அனுப்பிவிட்டது. கர்ட்டிஸ் அந்தப் பதிலை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோர் முன்னாலும் கட்டைக்குரலில் படித்துக்காட்டினான். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. 'எனக்குப் பேரே வேண்டாம், நான் நடீனாவே இருந்துட்டுப் போறேன்' என்று அவள் எழுந்து போனாள். பதிந்த பெயர் இல்லாதவர் சின்னம் வைத்துக்கொள்ள முடியாது என்பது விதி. 'இப்போதைக்கு என் பேர்ல போட்டுக்கலாம், அப்புறம் மாத்திக்கலாம்' என்றான் கர்ட்டிஸ். அந்த அப்புறம் வரவே இல்லை.

கொப்பரை அவர்கள் கூட்டத்தின் சின்னமானது. கொப்பரைக்குடி என்றே பெயர் வந்தது. கர்ட்டிஸ் ஸர் ரோடெரிக் ஆகிப் பகலெல்லாம் வாள் சுழற்றினான். நடீன் அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் பார்லிக் கஞ்சியும் மாட்டிறைச்சிக் குழம்பும் ரொட்டியும் சமைத்துப் போட்டாள். கொடியிலும் மேசை விரிப்பிலும் ஏப்ரன்களிலும் அந்தக் கொப்பரையைத் தன் கையால் தைத்தாள். சண்டைக்காரர்களுக்கு வருடாவருடம் அரசர் கையால் பதக்கம் கிடைத்தது. சமைத்தவளுக்குக் கிடைத்ததெல்லாம் 'இன்னும் கொஞ்சம் ஊத்து' என்ற சொல்தான்.

விவாகரத்தில் வீடு விற்றுப் பங்கானது, கார் அவளுக்கு வந்தது, நாய் அவனிடம் போனது. கொப்பரை யாருக்கு என்று எந்த வக்கீலும் கேட்கவில்லை. ஆக்ரனில் ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த வருடம் முழுக்க அது ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. மற்றதெல்லாம் போகட்டும். அது மட்டும் வேண்டும்.

"முதல்ல உனக்கு ஒரு பேரு வேணும்," என்றான் வெண்டல். "மார்ஜரி குக். அந்தக் காலத்து இங்கிலாந்துல தடுக்கி விழுந்தா ஒரு மார்ஜரி. சபையில ஒரு கேள்வி வராது. சம்மதமா?"

"என்னமோ ஒண்ணு. போடு."

"சின்னத்துக்கு, 'இத அவளுக்கே விட்டுக்குடுக்கிறேன்'னு கர்ட்டிஸ் எழுதிக் கையெழுத்துப் போடணும். வேற வழியில்ல."

"அவன்கிட்ட நான் போய்க் கேக்கணுமா?"

"வேணும்னா நான் கேக்கறேன்."

"வேண்டாம். நானே போறேன்," என்றாள் நடீன்.

ஆக்ரனிலிருந்து வண்டி ஓட்டிவரும்போதே, இப்படி ஒரு நாள் வந்தால் அவனிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். அவன் மறுப்பான், தான் வரைந்த இரவைச் சொல்லவேண்டும். அவன் கேலி செய்வான், இத்தனை வருடம் யார் போட்ட சோற்றில் வாள் சுழற்றினாய் என்று கேட்கவேண்டும். ஒரு வாக்கியம் விடாமல் எல்லாம் தயாராக இருந்தது.

கர்ட்டிஸ் கூடாரத்து நிழலில் உட்கார்ந்து முழங்கால் கவசத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய புது மனைவி கெய்லா காப்பி கலந்துகொண்டிருந்தாள். அவர்கள் தலைக்கு மேலே புத்தம் புதுக் கொடி. அதில் சிறகு முளைத்த சிங்கம் ஒன்று வாளை நீட்டிக்கொண்டு நின்றது.

"அந்தச் சட்டியா?" என்றான் கர்ட்டிஸ். "அது இன்னுமா என் பேர்ல இருக்கு? குடு."

தாளை வாங்கித் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். படித்துக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய் விரல் பதிந்த இடத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான்.

"வேற ஏதாவது வேணுமா?"

நடீன் தாளை வாங்கிக்கொண்டாள். தயார் செய்த வாக்கியம் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை.

"நாங்க சிங்கத்துக்கு மாறிட்டோம்ல," என்றாள் கெய்லா. "பழைய கொடிங்க ரெண்டு மூணு கெடக்குது செல்லம், வேணும்னா எடுத்துட்டுப் போங்க. ஐஸ் பெட்டிக்கு அடியில விரிச்சிருக்கு. கொஞ்சம் கறை. தொவைச்சாப் போயிரும்."

நடீன் பார்த்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து கசிந்த தண்ணீரில் மஞ்சள் துணி ஊறிக்கிடந்தது. அவள் தைத்த நெருப்பின் சிவப்பு நூல் சாயம் விட்டிருந்தது.

"பரவால்ல. இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவன் மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூட அருகதை இல்லாத பொருளைத்தான் இத்தனை வருடம் தைத்துக்கொண்டிருந்தோமா என்று வழியெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் காகிதம் கையில் இருந்தது. கொப்பரை இனி அவளுடையது. அதை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

வெண்டல் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இந்த மேசையில எத்தனையோ புருஷன் பொண்டாட்டி சண்டையப் பாத்துட்டேன், நடீன். கேடயத்துல இருக்கிற ஒரு இலைக்காகப் பத்து வருஷம் பேசாம இருக்கிறவங்க இருக்காங்க. ஒரு வார்த்த பேசாம கையெழுத்துப் போட்டவன இன்னிக்குத்தான் பாக்கறேன். பெரிய மனசு."

"அது என்னோடது, வெண்டல்."

"சரிம்மா. ஆனா அவன் பேர்லதான இருந்துச்சு. குடுக்கணும்னு அவனுக்கு என்ன தலையெழுத்தா?"

பிறகு நடைமுறையைச் சொன்னான். சபை கூடிப் பார்த்து முடிவை அச்சில் போட மாதக்கணக்காகும். அதுவரை கொடுத்தவர் நினைத்தால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "அதனால அவன்கிட்ட முகத்த முறிச்சுக்காத," என்றான். அவள் கிளம்பும்போது கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சனிக்கிழம சாயங்காலம் அரசவைக்கு வந்துரு. நல்ல கவுனாப் போட்டுக்கோ. ஏன் எதுக்குன்னு கேக்காத," என்றான்.

முகாமில் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது. பதக்கம் வாங்கப்போகிறவருக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். நண்பர் யாராவது வந்து நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வா என்று மட்டும் சொல்வார். கேட்டவரும் ஒன்றும் புரியாதவர்போலத் தலையாட்டிவிட்டுப் போய்த் தலைக்குக் குளிப்பார்.

நடீனும் குளித்தாள். நீலக் கவுனை உதறி வெயிலில் போட்டாள். நமக்கா, இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. ஏன் இருக்கக்கூடாது, சமைத்தவளுக்கு ஒரு முறையாவது கொடுக்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்காதா என்று இன்னொரு மனம் கேட்டது. அவள் இரண்டாவது மனத்தின் பேச்சைக் கேட்டாள். பாவம், அது அவளை ஏமாற்றுவது இது முதல் முறையல்ல.

சனிக்கிழமை மாலை புல்வெளி நிறைய ஜனம். கொலம்பஸில் கார் இன்சூரன்ஸ் விற்பவர் அந்த வருடத்து அரசர். கிரீடம் காதுவரை இறங்கியிருந்தது. வெண்டல் இறகுத் தொப்பியோடு முன்னே வந்து தொண்டையைச் செருமினான்.

"கேளுங்கள், கேளுங்கள். மார்ஜரி குக் எனும் நங்கை அரியணை முன் வருக."

அது தன் பெயர் என்று நடீனுக்கு உடனே உறைக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் இடித்தபிறகு எழுந்தாள். நடுவிலிருந்த பாதையில் நடந்து போனாள். அவள் கையால் சாப்பிட்ட முகங்கள் இருபுறமும் தெரிந்தன. அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அரசர் முன் மண்டியிட்டபோது கண் கலங்கியிருந்தது.

"ஸர் ரோடெரிக்கும் வருக," என்றான் வெண்டல்.

கர்ட்டிஸ் வந்து பக்கத்தில் மண்டியிட்டான். வெண்டல் சுருளை விரித்து மணி அடித்தாற்போலப் படித்தான். தம் குடியின் அடையாளமாகத் தாம் நெடுங்காலம் போற்றிக்காத்த கொப்பரையை, தம்மைப் பிரிந்து சென்ற மாதுக்குக் கேட்ட மாத்திரத்தில் ஈந்த வள்ளல் இவர். கசப்பு மறந்து கை திறந்த இந்த மாண்புக்காகப் பண்பாளர் வரிசையின் வெள்ளிச் சங்கிலியை அரசர் இவருக்கு அணிவிக்கிறார். கூட்டம் ஆவென்றது. கெய்லா எங்கேயோ மூக்கை உறிஞ்சினாள்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனுக்குப் பரிவட்டம் கட்டுகிறார்கள். தேங்காய்க்குச் சொந்தக்காரியைப் பக்கத்திலேயே மண்டியிட வைத்துக்கொண்டு கட்டுகிறார்கள்.

கர்ட்டிஸுக்கே முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவன் அந்தக் கையெழுத்தை அன்றைக்கே மறந்திருந்தான். மெதுவாக விளங்கியது. விளங்கியதும் தோள் நிமிர்ந்துவிட்டது.

"அவர் மகிழ்ந்தால் எனக்கு அது போதும், அரசே," என்றான். அதற்கும் கைதட்டல்.

அரசர் நடீன் பக்கம் திரும்பினார். "நங்கையே, இக்கொடையை நன்றியுடன் ஏற்கிறாயா?"

நடீன் கர்ட்டிஸின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் கொப்பரை அவன் பெயரிலேயே கிடக்கும், ஐஸ் பெட்டிக்கு அடியில். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். வெண்டல் சுருளை மடிக்கிற சாக்கில் குனிந்தான்.

"என்னாச்சு உனக்கு? சிரிச்ச மொகமா சொல்லு. அவன் மனசு மாறிடப்போறான். அரசர்கிட்ட நான் எவ்வளவு சொல்லி இத ஏற்பாடு பண்ணேன் தெரியுமா, உனக்காக."

எனக்காகவா. அவன் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது. அவனை வெறுக்கக்கூட வழியில்லை.

"ஏற்கிறேன்," என்றாள் நடீன்.

"நன்றியுடன்," என்று அரசர் அன்பாக எடுத்துக்கொடுத்தார்.

"நன்றியுடன் ஏற்கிறேன்."

கர்ட்டிஸ் கை கொடுத்து அவளை எழுப்பிவிட்டான். "சந்தோஷம்தான?" என்று காதோடு கேட்டான். அவள் தலையாட்டினாள்.

வெண்டல் கோலை உயர்த்தினான். பதக்கம் பெற்றவருக்கு அவை முழுவதும் மூன்று முறை வாழ்க சொல்லவேண்டும் என்பது அங்கே மரபு. கொடை பெற்றவள் கூட்டத்தைப் பார்த்து நின்று, கையை உயர்த்தி, கூடவே சொல்லவேண்டும்.

"ஸர் ரோடெரிக் வாழ்க."

முதல் முறை அவள் வாயை மட்டும் அசைத்தாள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் அதைக் கவனித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை மெல்லச் சொன்னாள். மூன்றாம் முறை, பொறாமைக்காரி என்ற பேச்சு வந்துவிடக்கூடாதே என்று, எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள்.