பில்டரில் படிந்த பஞ்சு

மூச்சிரைப்பால் படுத்த படுக்கையாகிவிட்ட நாச்சிமுத்துவுக்காக, 1986 சித்திரையில் குமாரபாளையத்து வீட்டில் ஏசி மாட்டினார்கள். ஒரே மாதத்தில் அதில் குளிர்ச்சி நின்றுபோயிற்று. ஈரோட்டிலிருந்து வந்த மெக்கானிக் பில்டரைக் கழற்றியபோது, வெள்ளைப் பஞ்சு கம்பளிபோல் படிந்திருந்தது.

"இந்த பில்டர் நம்மூருக்கு ஆகாதுங்க. தறிப் பஞ்சுக்குத் தோதா வேற வலை மாட்டியிருக்கறனுங்க. வாரம் ஒருக்கா கழுவோணும்," என்றார்.

நாச்சிமுத்துவின் மனைவி வசந்தாமணி அந்தப் பஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கே இவ்வளவு. அவர் முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்றவர். அந்த நெஞ்சுக்குள் எவ்வளவு இருக்கும்? வீட்டை ஒட்டிய தங்கள் கொட்டகைக்குப் போய் ஆறு விசைத்தறிகளையும் நிறுத்தச் சொன்னாள்.

அவள் அறைக்குத் திரும்பியதும் நாச்சிமுத்து கண் திறந்தார். "ஏன், தறிச் சத்தத்தையே காணோம்?"

"கரண்டு போயிருச்சுங்க."

புது வலையோடு ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, வந்தா ஓட்டிக்கலாம்."

ஆடி பிறக்கும் முன்பே அவர் போய்விட்டார். அதுவரை கரண்டு வரவில்லை என்றே இருவரும் பேசிக்கொண்டார்கள்.