சத்தத்துக்கு அழுத்தியவர்

கண் பரிசோதனை இயந்திரத்தின் தாங்கியில் முகவாயை வைத்ததும் என் கணவர் வழக்கம்போலக் கேட்டார்: “டாக்டரம்மா, இந்த வருஷமும் பாஸ் போட்டுருவீங்கல்ல?”

“பேசாதீங்க. புள்ளியைப் பாருங்க” என்றேன். அதுவும் வழக்கம்தான்.

பார்வைக்கும் மூளைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இத்தனை வருடமும் ஆராய்ந்து வருகிறேன். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கோளாறில்லாத கண் ஒன்று வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் வீட்டு ஆளைப் பிடித்து உட்காரவைப்பது எங்கள் தொழிலில் சகஜம். கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு, விஸ்வநாதன் இருபத்திரண்டு வருடங்களாகத் துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் சால்ட் லேக்கில் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவார். என் கட்டுரைகளில் அவர் பெயர் ‘வி.’ ஆய்வுக்கூடத்து வங்காளிகளுக்கோ அவர் ‘ஜாமாய்பாபு’, அதாவது வீட்டு மாப்பிள்ளை. அவருக்குச் சம்பளம் ஒரு சட்டி மிஷ்டி தொய், வங்காளத்து இனிப்புத் தயிர். மார்ச்சில் நான் ஓய்வு பெறுகிறேன். வயதாக ஆக ஒரே ஆளின் பார்வை எப்படி மாறுகிறது என்ற கடைசிக் கட்டுரைக்கு இந்த ஒரு அளவுதான் பாக்கி.

இருட்டறையில் அவருடைய வலது கண்ணை மூடிவிட்டு ஆரம்பித்தேன். ஓரங்களில் ஒரு சின்னச் சத்தத்தோடு வெளிச்சப் புள்ளி தோன்றும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நடுநடுவே இயந்திரம் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் போடும், வெளிச்சம் காட்டாது. பார்க்காமலே அழுத்துகிறவர்களைப் பிடிப்பதற்கான தந்திரம் அது.

அவர் எல்லா வெற்று டிக்குக்கும் அழுத்தியிருந்தார்.

முதலில் கம்பி கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு பழைய கோப்புகளைத் திறந்தேன். நான்கு வருடங்களாகவே இடது கண்ணின் வெளியோரத்தில் சில புள்ளிகளுக்கு அவர் அழுத்தவில்லை. அவற்றின் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன்: ‘களைப்பு. நீக்கவும்.’ மாணவர்கள் இப்படி எதையாவது நீக்கினால் நான் ஆடித் தீர்த்துவிடுவேன். என் புருஷன் விஷயத்தில் மட்டும், பாவம், வெயிலில் பஸ் ஏறி வந்தவர் என்று விட்டுவிட்டேன்.

விளக்கைப் போட்டேன்.

“எத்தனை நாளா தெரியல?”

அவர் தாங்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

“போன வருஷம் ஹாஜ்ரா முக்குல ஒரு சைக்கிள்காரன் இடிச்சான்ல. அவன் வந்ததே தெரியல மாதங்கி.”

“ஏன் சொல்லல? நான் என்ன வேலை பாக்குறேன்னு மறந்துபோச்சா?”

“மறக்கலடி. உன் கிராஃப்ல என் கோடு இத்தனை வருஷம் நேரா போயிருக்கு. கடைசி வருஷத்துல என்னால கெட்டுப்போக வேணாம்னு பாத்தேன். நீ ரிட்டயர் ஆனப்புறம் டாக்டர்கிட்ட போலாம்னு…”

கோபம்தான் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அவருடைய வழுக்கையில் கையை வைத்தேன். கண் நரம்பு போனால் போனதுதான். மிச்சத்தை வேண்டுமானால் காப்பாற்றலாம். இதை எத்தனையோ பேரிடம் நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொல்லாமல் விளக்கை அணைத்தேன்.

“இன்னொரு தடவை பாப்போம். தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க” என்றேன். இயந்திரத்தின் சத்தத்தை நிறுத்தினேன்.

விரல் பொத்தான்மேல் இருந்தது. திரையில் இடது ஓரத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன. விரல் அசையவில்லை. இந்தத் தடவை எதையும் நீக்காமல் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும் கண் டாக்டருக்கு போன் போட்டேன். உடனே வரச் சொன்னார்.

வெளியே பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் தன் இடது பக்கம் வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு வருடமாகவே அப்படித்தான் நடக்கிறார். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மிஷ்டி தொய் உண்டா, இல்ல ஃபெயிலா?”

“ரெண்டு சட்டி வாங்கித் தரேன், வாங்க.”

சாலையைக் கடக்க நின்றோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வண்டி தெரிஞ்சா என் கைய அழுத்துங்க.”

வலமிருந்து ஒரு பஸ் வந்தது. என் உள்ளங்கையில் அவர் பெருவிரல் அழுத்தியது. பிறகு இடது பக்கம், தவறான திசையில், ஓர் ஆட்டோ ஓரமாக வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல், அந்த விரலுக்காகக் காத்திருந்தேன்.