குரல் ஏறினால் கேள்வி

ஜெகதீசன் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கப்பல் வேலைக்குப் போன மகன் வெற்றி நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டான் என்று சொன்ன ஏஜெண்டை அவர் நம்பவில்லை. படத்துக்கு மாலையோடு வந்த பங்காளிகளைக் கல்மண்டபம் வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நம்பியது போனில் வந்த ஒரு குரலை மட்டும்தான். சீனாக்காரக் கேப்டன் பேசிய பதிவாம்; ஏஜெண்ட் அதைப் போனுக்கு அனுப்பியதோடு சரி, அர்த்தம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் முடிவில் அந்தக் குரல் மேலே ஏறி நிற்கும்.

"கேக்குறான் பாரு, பையன் அங்க வந்தானான்னு. இன்னும் தேடிகினுதான் கீறான்," என்பார் மருமகள் ரேகாவிடம். அவளும் பொட்டை அழிக்கவில்லை.

காலமெல்லாம் கடலில் படகுக்குப் படகு கத்தியே பிழைத்தவர். காற்றில் வார்த்தை வந்து சேராது, ராகம்தான் சேரும். ஏறினால் கேள்வி: மீன் பட்டுதா, வலையைப் பார்த்தியா. இறங்கினால் முடிந்தது, கரைக்குத் திரும்பு. அந்தக் காது அவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

எண்ணூரில் சீனாக்காரர்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்கிறவள் மகிழினி, பக்கத்துத் தெருப் பெண். ரேகாதான் அவளை அழைத்துவந்தாள். ஒருமுறை கேட்டதுமே மகிழினியின் முகம் செத்துப்போயிற்று.

"தேடுறத நிறுத்திட்டாங்களாம், நைனா. கப்பலு அங்கேர்ந்து கெளம்பிட்ச்சாம்."

"போ மே! கடைசில கேக்குறானே, அது இன்னா?"

"கேக்கல நைனா. அந்த வார்த்தையே அப்டித்தான் ஏறும். நாம கொரல ஏத்துனா கேள்வி, எறக்குனா கோவம். அவங்களுக்கு ஏத்துனா ஒரு வார்த்தை, எறக்குனா வேற வார்த்தை."

ஒரே ஓசையை நாலு விதமாகச் சொல்லிக் காட்டினாள். நாலும் வேறு வேறாம். ஜெகதீசனுக்கு ஒன்றுதான்: ஒருத்தி கூப்பிடுகிறாள், சலித்துக்கொள்கிறாள், கேட்கிறாள், அதட்டுகிறாள்.

"ஏஜெண்டு எவ்ளோ குட்த்தான் இப்டி சொல்றதுக்கு?"

மகிழினி கோபப்படவில்லை. "மொதல்ல எனக்கும் அப்டித்தான் கேட்ச்சு. எங்க வாத்தியாரு சும்மா பேசுனாலே திட்ற மாதிரி இருக்கும். இந்தக் காது லேசுல மாறாது நைனா."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. காசு வாங்கினவள் அழமாட்டாள். அப்போதுதான் ஜெகதீசன் அவளை நம்பினார். ரேகா எழுந்து உள்ளே போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் நெற்றி ஈரமாக, வெறுமையாக இருந்தது.

"ஏம்மா, அத சொல்லும்போது அந்தக் கேப்டனுக்கு வருத்தமா இருந்துச்சா? அதயாவது சொல்லு."

"தெரில நைனா. அவ்ளோ தூரம் எனக்கும் கேக்காது."

அவள் போன பிறகு ஜெகதீசன் போனை எடுத்துக் காதில் வைத்தார். நிறுத்திவிட்டார்கள், கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்துதான் கேட்டார். அப்படியும் அந்தக் குரல் முடிவில் மேலே ஏறி, கேட்டுவிட்டு நின்றது.

"இங்க வர்லப்பா," என்றார் போனிடம். "இங்க வர்ல."