கிளட்ச் தட்டும் கியேரி விருந்தும்

இத்தாலியின் தூரின் நகரில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற எர்மெத்தே, மலைச்சாலையில் சைக்கிள்காரர்கள்கூடத் தன்னை முந்துவது பொறுக்காமல், தன் பழைய ஃபியட் 500 காரில் பெரிய எஞ்சின் ஒன்றை ஏற்றினார். எஞ்சின் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. அதோடு வந்த கிளட்ச் தட்டுதான் பழைய கியர்பாக்ஸ் தண்டில் நுழையவில்லை. தட்டின் நடுத்துளைப் பற்கள் தண்டின் பற்களோடு பொருந்தவில்லை. தண்டையே அராவிவிடலாமா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

தையல்காரியான அவர் மனைவி நீவெஸ் எட்டிப் பார்த்தாள்.

"பட்டன் பெருசா இருக்குன்னு சட்டையையா வெட்டுவீங்க? பழைய தட்டோட நடுவை எடுத்துப் புதுசுல தைச்சிடுங்க."

"இது துணியில்லடி, இரும்பு!"

"அப்ப ரிவெட் அடிங்க."

பட்டறைக்குப் போய் அப்படியே செய்து வந்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலையேறினார்கள். கார் பறந்தது. ஆனால் புது எஞ்சினோடு வந்த கிளட்ச் ஸ்பிரிங் பாறைபோல இறுக்கம். பத்தாவது வளைவில் எர்மெத்தேயின் இடது கால் கிளட்ச் பெடலை மிதித்து மிதித்து ஓய்ந்துபோனது. வேறு வழியில்லாமல் சாவியை நீவெஸிடம் நீட்டினார். அவள் பெடலைத் தையல் மிஷினைப்போல அநாயாசமாக மிதித்தாள்.

உச்சி வந்தும் அவள் நிறுத்தவில்லை.

"எங்கடி போற?"

"கியேரிக்கு, என் தங்கச்சி வீட்டுக்கு. இந்தக் கார் மலை தாண்டாதுன்னுதானே ஆறு வருஷமா சாக்குச் சொன்னீங்க?"

மதியம் மச்சினி பரிமாறிய அஞ்ஞொலோத்தி என்ற இறைச்சி அடைத்த பாஸ்தாவை எர்மெத்தே தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது.